ரீல்ஸ் போடுகிறார்கள், ஃபைல் எங்கே என்றால் முழிக்கிறார்கள்: ஊடகத் தயாரிப்புத் தாளில் எதைச் சொல்லிக்கொடுப்பது?

கத்திரிவெயில் (காட்பாடி):

வேலூர்ப் பக்கம் ஒரு கலைக்கல்லூரியில் தமிழ் நடத்துகிறேன். போன வருடம் இரண்டாமாண்டுப் பிள்ளைகளுக்கு ஊடகத் தயாரிப்பு என்று ஒரு செய்முறைத் தாள் வந்தது. எடுத்துக்கொள்ள யாரும் முன்வரவில்லை. கல்லூரி விழாவுக்கு இரண்டு நாடகம் போட்டவள் என்கிற ஒரே தகுதியில் அது என் தலையில் வந்து விழுந்தது. 44 பேர், நான்கு நான்கு பேராக 11 குழு, குழுவுக்கு ஒரு ஐந்து நிமிட ஆவணப்படம், நம் ஊரைப் பற்றி எதை வேண்டுமானாலும் எடுங்கள் என்று சொல்லிவிட்டேன். கோட்டை, பாலாற்றங்கரை முத்து மண்டபம், கரிகிரி மண்பாண்டம், குடியாத்தம் தறி, இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காய் என்று தலைப்பெல்லாம் நன்றாகத்தான் பிடித்தார்கள். ஒரு நாளைக்கு மூன்று ரீல்ஸ் போடுகிற பிள்ளைகள், இவர்களுக்கு நான் என்ன தொழில்நுட்பம் சொல்லித்தரப் போகிறேன் என்று எனக்கே உள்ளுக்குள் உதறல்.

சமர்ப்பிக்கிற நாள் வந்தது. முதல் குழு பென் டிரைவைச் செருகி ப்ராஜெக்டைத் திறந்தது. திரை முழுக்கச் சிவப்பு, நடுவில் ‘மீடியா ஆஃப்லைன்’, அதாவது வீடியோ இருக்கிற இடம் தெரியவில்லை என்று. இரண்டாவது குழுவும் அப்படியே. மொத்தம் 7 குழு இப்படி. பென் டிரைவில் இருந்ததெல்லாம் சில நூறு கேபி அளவுள்ள ஒரு ப்ராஜெக்ட் ஃபைல்தான். “வீடியோ எங்கேம்மா?” என்றால் “உள்ளதான் இருக்குது மேடம், நேத்து வீட்ல ஓடுச்சே” என்கிறாள். எடுத்த வீடியோ யார் போனில் இருந்தது என்று விசாரித்துக்கொண்டே போனால், அந்தப் பையன் அக்கா கல்யாணத்துக்குப் போனில் இடம் வேண்டும் என்று முந்தின வாரமே எல்லாவற்றையும் அழித்திருக்கிறான். இன்னொரு குழு வாட்ஸ்அப்பில் கைமாறி வந்த வீடியோவையே வைத்து வெட்டியிருந்தது. புரொஜெக்டரில் போட்டபோது கத்திரிக்காய்த் தோட்டத்துத் தாத்தா முகம் கட்டம் கட்டமாக உடைந்து கிடந்தது.

அப்புறம்தான் எனக்கு உறைத்தது, இவர்களில் பாதிப்பேர் ஒரு ஃபோல்டரைத் திறந்து பார்த்ததே இல்லை. எடுத்தால் கேலரியில் இருக்கும், அனுப்பினால் போய்விடும், அதற்கு மேல் யோசிக்க வேண்டிய தேவையே வந்ததில்லை.

இந்த வருடமும் தாள் என்னிடமே. பாடத்திட்டத்தில் மென்பொருள் பெயர்களாக வரிசை கட்டி நிற்கின்றன. துறையில் புதுக் கேமரா வாங்கலாமா என்று பேச்சு. பிள்ளைகளுக்கு ட்ரோன் ஷாட் வேண்டுமாம், கலர் கிரேடிங் வேண்டுமாம். லேபில் இருப்பது 4 ஜிபி ராம் உள்ள 12 கணினிகள். 2011-ல் தொடங்கிய அரசு இலவச லேப்டாப் திட்டத்தில் அண்ணனுக்கோ அக்காவுக்கோ வந்தது சிலர் வீட்டில் இன்னும் மூச்சு வாங்கிக்கொண்டு ஓடுகிறது. வாரத்துக்கு நான்கு மணி நேரம், 15 வாரம். இதற்குள் எதைச் சொல்லிக்கொடுத்தால் இவர்கள் கையில் நிற்கும், எதற்கு மார்க் போடுவது? தொழிலில் இருப்பவர்களும் இப்படி ஒரு தாள் படித்து வெளியே போனவர்களும் சொல்லுங்கள்.

மிக்ஸிங்அண்ணன் (குடியாத்தம்):

மேடம், சிரித்துவிட்டேன், மன்னிக்கவும். பத்திரிகையை மட்டும் மண்டபத்துக்குக் கொண்டுவந்து சோறு எங்கே என்று கேட்ட கதை. ப்ராஜெக்ட் ஃபைல் என்பது எந்த வீடியோவை எந்த விநாடியில் தொடங்கி எங்கே வெட்டுவது என்று எழுதி வைத்த சீட்டு, அவ்வளவுதான், அதற்குள் படம் கிடையாது. என்னிடம் வேலைக்கு வருகிற விஸ்காம் பிள்ளைகளுக்கே முதல் மாதம் இதுதான் பாடம்.

கேசட் காலத்தில் மிக்ஸிங் சென்டரில் கூட்டிப் பெருக்கி வேலை கற்றவன் நான். இப்போது ஒரு முகூர்த்தத்துக்கு மூன்று கேமரா, எட்டுப் பத்து மெமரி கார்டு. காப்பி ஆன கார்டை டப்பாவில் குப்புறப் போடுவோம், ஆகாததை நிமிர்த்தி. இரண்டு ஹார்டு டிஸ்கில் ஏறி, திறந்து ஓட்டிப் பார்த்த பிறகுதான் எந்தக் கார்டையும் அழிக்கலாம். இந்தச் சட்டம் எப்படி வந்தது என்றால், ஒரு கல்யாணத்தில் என் பையன் ஒருவன் நிமிர்ந்த கார்டைக் குப்புற என்று நினைத்து ஃபார்மேட் அடித்துவிட்டான். தாலி கட்டுகிற 40 விநாடி போச்சு. மறுபடியும் ஒரு தடவை கட்டுங்கள் என்று மாப்பிள்ளையிடம் கேட்க முடியுமா? ஆல்பத்துக்கு எடுத்த போட்டோவை வைத்து ஒப்பேற்றினேன், பாதிப் பணம்தான் வந்தது.

அதனால் நான் சொல்வது, படத்துக்கு மார்க் போடாதீர்கள், ஃபோல்டருக்குப் போடுங்கள். ஒரு குழுவின் ஃபோல்டரை இன்னொரு குழுவிடம் கொடுங்கள். அவர்கள் வேறு கணினியில் அதைத் திறந்து, யாரிடமும் எதையும் கேட்காமல் 10 நிமிடத்துக்குள் வெட்டுகிற வேலையைத் தொடர முடிந்தால் பாஸ். வீடியோ ஒரு இடம், ஆடியோ ஒரு இடம், ப்ராஜெக்ட் ஒரு இடம், வெட்டி முடித்து வெளியே எடுத்த படம் ஒரு இடம். ‘ஃபைனல்’, ‘ஃபைனல் 2’, ‘கடைசி ஃபைனல்’ என்று பெயர் வைக்கிறவனுக்கு மார்க்கில் கை வையுங்கள். தேதியை வருடம், மாதம், நாள் என்ற வரிசையில் பெயருக்கு முன்னால் போட்டால் அதுவே ஒழுங்காக வரிசையில் நிற்கும்.

4கே என்கிற உயர்ந்த தெளிவில் எடுக்க விடாதீர்கள், அதற்குக் கீழே இருக்கிற 1080 போதும். போனுக்குப் போன் மாறும், இருந்தாலும் சாதாரண முறையில் 1080-ல் நிமிடத்துக்கு ஏறக்குறைய 130 எம்பி ஆகும், 4கே என்றால் 350-ஐத் தாண்டும். உங்கள் லேப் கணினி அதை ஓட்டுவதற்குள் செமஸ்டர் முடிந்துவிடும். வீடியோ வெட்டுகிற மென்பொருளில் ஷாட்கட், கேடென்லைவ் இரண்டும் காசில்லாமல் கிடைக்கின்றன, இரண்டிலும் ப்ராக்ஸி வசதி உண்டு. அதாவது வெட்டுவதற்கு ஒரு சின்ன நகல், வெளியே எடுக்கும்போது அசல். வாட்ஸ்அப்பில்தான் அனுப்பியாக வேண்டும் என்றால் வீடியோவாக அனுப்பாமல் டாக்குமெண்டாக அனுப்பச் சொல்லுங்கள், 2 ஜிபி வரை நசுங்காமல் போகும். பென் டிரைவில் இடம் இருக்கிறது, ஆனால் பெரிய ஃபைல் ஏறமாட்டேன் என்கிறது என்று எவனாவது வருவான் பாருங்கள், அது ஃபேட்32 என்கிற பழைய ஃபார்மேட்டில் இருக்கும், 4 ஜிபிக்கு மேல் ஒரே ஃபைலை அது வாங்காது. எக்ஸ்ஃபேட்டுக்கு மாற்றினால் சரி, ஆனால் மாற்றும்போது உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துவிடும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

அப்புறம் சத்தம். எங்கள் ஊரில் தறி எடுக்க வருகிற பிள்ளைகள் எல்லோரும் ஒரே தப்பைத்தான் செய்கிறார்கள். தறி ஓடும்போது பார்க்க அழகாக இருக்கிறது என்று நெசவாளரை அதன் பக்கத்திலேயே உட்காரவைத்துப் பேச விடுவார்கள். அவர் லுங்கிக்கு நூல் விலை ஏறின கதையை மனசு விட்டுச் சொல்லியிருப்பார், கேட்டால் டக் டக் டக், ஒரு சொல் காதில் விழாது. தறியை நிறுத்தச் சொல்லிப் பேட்டி எடுக்க வேண்டும். தறிச் சத்தத்தைத் தனியாக ஒரு நிமிடம் எடுத்து அடியில் மெல்லமாகப் போட வேண்டும். பேட்டி முடிந்ததும் எல்லோரும் வாயை மூடிக்கொண்டு அந்த இடத்தின் சும்மா சத்தத்தை 30 விநாடி பிடித்துவைத்தால், வெட்டின இடங்களை ஒட்டும்போது அது உதவும். எடுக்கும்போதே ஒருத்தர் காதில் ஹெட்போன் இருந்தாக வேண்டும். புதுக் கேமரா வாங்குகிற காசில் நான்கு காலர் மைக், இரண்டு ஹெட்போன், இரண்டு ஹார்டு டிஸ்க் வாங்குங்கள், மீதியே வரும்.

சப்டைட்டில்காரி (ராணிப்பேட்டை, இப்போது சென்னை):

அண்ணன் சொன்னதோடு நான் ஒன்று சேர்க்கிறேன் மேடம், தமிழ் எழுத்து. போனில் தமிழை ஆங்கில எழுத்தில் தட்டுகிறோம், இல்லையென்றால் வாயால் சொல்லி டைப் ஆக விடுகிறோம். டைட்டில் கார்டு என்று வரும்போதுதான் மாட்டிக்கொள்வோம். என் கல்லூரிப் படத்தில் ‘கோட்டை’ என்று அடித்தேன். இரட்டைக்கொம்பு க-வுக்குப் பின்னால் போய் ஒரு புள்ளி வட்டத்தோடு நின்றது. எனக்குத் தமிழே எழுத வரவில்லை என்று மார்க்கைக் குறைத்தார்கள், அந்தக் கோபம் இன்னும் போகவில்லை.

காரணம் ரொம்பச் சின்னது. யூனிகோட் என்கிற பொதுவான கணினி எழுத்து முறையில் க முதலில் பதிவாகும், கொம்பும் காலும் அதற்குப் பின்னால். திரையில் கொம்பை முன்னால் கொண்டுவந்து வைப்பது மென்பொருளின் வேலை. சில மென்பொருள்கள் நாம் சொன்னால்தான் அதைச் செய்யும். ப்ரீமியர் என்கிற எடிட்டிங் மென்பொருளில் கிராஃபிக்ஸ் அமைப்புகளுக்குள் தெற்காசிய மொழிகளுக்கென்று ஒரு தேர்வு இருக்கிறது, அதை மாற்றினால் கொம்பு தன் இடத்துக்கு வந்துவிடும். இன்னொரு பக்கம் டிடிபி கடையிலிருந்து வாங்கி வருகிற பாமினி என்கிற பழைய எழுத்துரு, அது யூனிகோட் இல்லை. 2010-லேயே தமிழக அரசு யூனிகோடை ஏற்று ஆணை போட்டுவிட்டது, பத்திரிகை அடிக்கிற கடைகளில் பாமினி இன்னும் அசையவில்லை. அதை வெட்டி ஒட்டினால் படத்தில் ஆங்கில எழுத்தாகக் கொட்டும். இந்த இரண்டையும் ஒரு தடவை கையால் சரிசெய்த பிள்ளைக்கு, கணினி எழுத்தை எப்படி வைத்துக்கொள்கிறது என்பது யாரும் பாடம் நடத்தாமலேயே விளங்கிவிடும்.

ஒரு பயிற்சி சொல்கிறேன். அவரவர் எடுத்த பேட்டியில் ஒரே ஒரு நிமிடத்துக்கு நோட்பேடில் கையால் சப்டைட்டில் எழுதச் சொல்லுங்கள். வரிசை எண், அடுத்த வரியில் தொடக்க நேரமும் முடிகிற நேரமும், அதற்கடுத்து வசனம், ஒரு வெற்று வரி, எஸ்ஆர்டி என்கிற சப்டைட்டில் ஃபைல் என்றால் இவ்வளவுதான். விநாடிக்கும் மில்லி விநாடிக்கும் நடுவில் காற்புள்ளி, அங்கே முற்றுப்புள்ளி வைத்துவிட்டு ஏன் ஏறவில்லை என்று அரைமணி நேரம் தலையைச் சொறிவார்கள், சொறியட்டும். சேமிக்கும்போது யூனிகோடுக்கான யுடிஎஃப்-8 என்று கொடுக்காமல் பழைய முறையான ஏஎன்எஸ்ஐ-யில் விட்டால் தமிழ் முழுவதும் கேள்விக்குறிகளாகிவிடும், திரும்ப எடுக்கவும் முடியாது. அப்புறம் கத்திரிக்காய்த் தாத்தா “இன்னா கீது இதுல, முள்ளுதான் கீது” என்று சொன்னால் அதை அப்படியே எழுதுவதா, ‘என்ன இருக்கிறது’ என்று மாற்றுவதா? என் கட்சி அப்படியே எழுதுவது. தமிழ் நடத்துகிறவர் நீங்கள், அந்தச் சண்டைக்கே ஒரு வகுப்பு ஒதுக்கலாம்.

நாலாவது ஆள் (ஆற்காடு):

எல்லோரும் வாத்தியார் பக்கமும் முதலாளி பக்கமும் நின்றே பேசுகிறீர்கள். போன வருடம் வேறொரு கல்லூரியில் இதே மாதிரி ஒரு தாளை முடித்த ஆள் பேசுகிறேன்.

முதல் நாளே ஃபோல்டர், பெயர், தேதி என்று ஆரம்பித்தால் இரண்டாவது வாரம் பாதி வகுப்பு காணாமல் போய்விடும். பஞ்சர் ஒட்டக் கற்றுக்கொண்டு யாரும் சைக்கிள் ஏறவில்லை. முதலில் எதையாவது எடுக்கட்டும், தொலைக்கட்டும், அழட்டும்.

அதைவிடப் பெரிய விஷயம் ஒன்றை யாருமே சொல்லவில்லை. நான்கு பேர் குழுவில் லேப்டாப் வைத்திருப்பவன் எடிட்டர். நல்ல போன் வைத்திருப்பவன் கேமராமேன். பெண் பிள்ளை என்றால் ஆங்கரிங், இல்லையென்றால் ஸ்கிரிப்ட். மிஞ்சுவது நாலாவது ஆள். நான்தான் அது. கத்திரி வெயிலில் கோட்டைக்கு ட்ரைபாட் தூக்கினேன், போன் சூடாகி நின்றுபோனபோது துப்பட்டாவால் விசிறினேன், பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் போய் எல்லோருக்கும் ஜூஸ் வாங்கி வந்தேன். டைட்டிலில் ‘உதவி’ என்று என் பெயர் வந்தது. 50-க்கு 43 மார்க். அந்தத் தாள் முடிகிறவரை ஒரு க்ளிப்பை எக்ஸ்போர்ட் செய்ய எனக்குத் தெரியாது. எங்கள் குழுவின் ஃபோல்டர் பிரமாதமாக இருந்தது, எடிட்டர் பையன் ஒழுங்கான பையன். அந்த மார்க்கை வைத்து என்னைப் பற்றி என்ன தெரிந்துகொள்வீர்கள்?

குழுவாக எடுக்கட்டும் மேடம், ஆனால் ஆளுக்கு ஒரு நிமிடம் தனியாக வெட்டச் சொல்லுங்கள், அதே வீடியோவை வைத்து. 1080-ல் 20 நிமிடம் எடுத்தால்கூட 3 ஜிபிக்குள்தான் வரும், நான்கு பேருக்கும் காப்பி கொடுக்கலாம். ஒரே தாத்தாவை நான்கு பேர் நான்கு விதமாக வெட்டிக்கொண்டு வருவார்கள். வகுப்பில் அடுத்தடுத்து ஓட்டிப் பாருங்கள், யார் எங்கே ஏமாற்றியிருக்கிறார்கள் என்று பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள்.

மிக்ஸிங்அண்ணன் (குடியாத்தம்):

தம்பி சொல்வது நியாயம்தான். என் கடையிலும் லைட் பிடிக்கிற பையன் ஐந்து வருடம் லைட்டே பிடித்துக்கொண்டிருந்தான், நானும் கவனிக்கவில்லை. ஆனால் ஃபோல்டர் விஷயத்தில் இறங்கி வரமாட்டேன். தள்ளிப் போடலாம், விட முடியாது.

நாலாவது ஆள் (ஆற்காடு):

தம்பி இல்லை அண்ணா, தங்கச்சி. துப்பட்டா என்று எழுதியிருந்தேனே.

மக்கான் பக்கத்து வாசி (வேலூர்):

வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவன். இந்த மாதிரிப் படங்களைப் பார்த்துக் கருத்துச் சொல்ல எப்போதாவது கூப்பிடுவார்கள். ஒரு குழு 1806 ஜூலை 10-ல் நடந்த வேலூர்ச் சிப்பாய்ப் புரட்சி பற்றி எடுத்திருந்தது. புதுத் தலைப்பாகை, தாடியை எடுக்கச் சொன்னது, நெற்றிக் குறிக்குத் தடை, ஆற்காட்டிலிருந்து ஆங்கிலேய அதிகாரி கில்லெஸ்பி குதிரைப்படையோடு வந்தது என்று பின்னணிக் குரல் எல்லாம் சரியாகச் சொல்கிறது. படம் மட்டும் சரியில்லை. திரையில் ஓடியதில் மூன்று ஓவியங்கள் 1857-ஐச் சேர்ந்தவை, வடநாட்டுச் சண்டை. கேட்டால், சிப்பாய்ப் புரட்சி என்று தேடினோம் சார், வந்தது என்றார்கள். எங்கிருந்து எடுத்தீர்கள் என்றதற்கு ‘கூகுள்’ என்று பதில். கடையில் வாங்கிய கத்திரிக்காய் எந்த ஊர்க் காய் என்று கேட்டால் பையைக் காட்டுகிற மாதிரி.

அதைவிட வேடிக்கை, கோட்டைப் படம் ஒன்றை ஏஐ-யிடம் கேட்டு வாங்கியிருந்தார்கள். ராஜஸ்தான் அரண்மனை போல மாடம் மாடமாக நின்றது, அகழியே இல்லை. நம் கோட்டைக்கு அழகே சுற்றி நிற்கிற தண்ணீர்தானே. நடந்து போனால் கால்மணி நேரத்தில் கோட்டை.

அதனால் ஒரு பதிவேடு வைக்கச் சொல்லுங்கள். படத்தில் வருகிற ஒவ்வொரு ஓவியம், புகைப்படம், இசைக்கும் ஒரு வரி: யார் செய்தது, எப்போது, எங்கிருந்து எடுத்தது, எடுக்க அனுமதி உண்டா. நம் நாட்டில் ஓவியத்துக்குக் காப்புரிமை வரைந்தவர் இறந்து 60 ஆண்டு வரைக்கும், ஆகவே பழைய ஓவியங்களில் பெரும்பாலும் தொல்லை இல்லை, ஆனால் வரைந்தது யார், எந்த ஆண்டு என்று தெரிந்தால்தானே அந்தக் கணக்கையே போட முடியும். சினிமாப் பாட்டைப் பின்னணியில் போட்டு யூடியூபில் ஏற்றினால் அது தானாகவே கண்டுபிடித்துவிடும் என்பது பிள்ளைகளுக்கு நன்றாகவே தெரியும், அதில் மட்டும் விவரமாக இருக்கிறார்கள். ட்ரோன் ஆசைக்கும் ஒரு வார்த்தை: கோட்டை தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிற இடம், முன் அனுமதி இல்லாமல் அங்கே பறக்கவிட முடியாது.

கத்திரிவெயில் (காட்பாடி):

எல்லோருக்கும் நன்றி. ஒரே மூச்சில் இரண்டு தடவை படித்தேன். சார் சொன்ன 1857 ஓவியத்தைப் போன வருடம் நானும் பார்த்து, நன்றாக இருக்கிறது என்று கை தட்டியிருக்கிறேன், வெட்கமாகத்தான் இருக்கிறது.

இப்போதைக்கு மனதில் இருப்பதைச் சொல்கிறேன். முதல் இரண்டு வாரம் எந்தப் பாடமும் இல்லை, போனில் ஒரு நிமிடம் எதையாவது எடுத்துக்கொண்டு வா. மூன்றாவது வாரம் ஃபோல்டர் மாற்றல், அண்ணன் சொன்ன 10 நிமிடப் பரீட்சை, அப்போது எத்தனை சிவப்புத் திரை வருகிறதோ வரட்டும், அதற்கு மார்க் கிடையாது. செமஸ்டர் கடைசியில் அதே பரீட்சை மறுபடியும், அதற்கு மார்க் உண்டு. 50-ல் ஆளுக்கு ஆள் தனியாக வெட்டின நிமிடத்துக்கு 20, ஃபோல்டருக்கு 15, படத்துக்கு 10, பதிவேட்டுக்கு 5. சப்டைட்டில் அந்தத் தனி நிமிடத்தின்மேலேயே வரும், தாத்தா பேச்சு ‘கீது’ என்றே இருக்கும். அண்ணா, படத்துக்கு மார்க்கே வேண்டாம் என்றீர்கள், 10 கூடப் போடாவிட்டால் வெள்ளிக்கிழமை கூட்டத்தில் என்னைத் தொலைத்துவிடுவார்கள். கேமராவுக்குப் பதில் மைக் என்று அங்கே எப்படிச் சொல்வது என்பதுதான் இன்னும் தெரியவில்லை.

நாலாவது ஆளே, உன் யோசனைக்குத்தான் அந்த 20.

ஒரே ஒரு சந்தேகம் அண்ணா. அந்த 30 விநாடி சும்மா சத்தம் எடுக்கும்போது ஃபேனை நிறுத்த வேண்டுமா?

மிக்ஸிங்அண்ணன் (குடியாத்தம்):

பேட்டி எடுக்கும்போது ஓடிச்சுன்னா அப்பவும் ஓடணும் மேடம். முடிந்தால் பேட்டிக்கே நிறுத்துவது நல்லது, ஆனால் மே மாதம் வேலூரில் ஃபேனை நிறுத்தினால் பேட்டி கொடுக்கிறவர் எழுந்து வெளியே போய்விடுவார். நடுவில் யாரும் ரெகுலேட்டரில் கை வைக்காமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு பெரியவர் பேசிக்கொண்டே எழுந்து போய் மூன்றில் இருந்ததை ஐந்தில் வைத்துவிட்டார். வெட்டி ஒட்டிப் பார்த்தால் ஒரு வாக்கியம் வீட்டுக்குள் இருக்கிறது, அடுத்த வாக்கியம் ரயில் ஜன்னல் ஓரத்தில் இருக்கிறது.